மச்சானின் கால்

மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர். என் மச்சான் பெதேலி எனக்குத் தரவேண்டிய பணம் அது. தலைநகர் சுவாவில் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கி, சேமநிதியில் சேர்ந்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். படகுக்கு இயந்திரம் வாங்கப் போகிறேன், மீன் பிடித்து மாதாமாதம் தந்துவிடுகிறேன் என்றான். இயந்திரம் வாங்கிய அதே வருஷம் புயல் வந்தது. படகு யாருடைய மாமரத்தின் மேலேயோ போய்க் கிடந்தது. இயந்திரம் கிடைக்கவே இல்லை. பெதேலி மறுபடியும் தன் தீவிலுள்ள லெவுக்கா மீன் ஆலையில் கூலி வேலைக்குப் போனான். நான் கேட்பதை விட்டுவிட்டேன். என் மனைவி உனைசிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போகாமல் இருந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன்.

பெதேலி உனைசியின் அண்ணன். ஆனால் அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. சண்டை எதுவும் கிடையாது. கூடப் பிறந்த ஆணும் பெண்ணும் வளர்ந்த பிறகு முகம் பார்த்துப் பேசுவது எங்கள் ஆட்களிடம் மரியாதைக் குறைவு. அதனால் அண்ணன் செய்தி தங்கைக்கும் தங்கை செய்தி அண்ணனுக்கும் என் வாய் வழியாகத்தான் போகும். நானும் பெதேலியும் பேசினால் நேர்மாறு. மச்சான் மச்சானிடம் மரியாதையாகப் பேசினால் ஏதோ கோபம் என்று அர்த்தம். திட்ட வேண்டும், கிண்டல் செய்ய வேண்டும், செத்துப்போ என்று சொல்ல வேண்டும். அப்படித்தான் நாங்கள் இருபது வருஷமாகப் பேசிவந்தோம்.

மழைக்காலத்தில் ஒருநாள் போன் செய்தான்.

"மச்சான், என் காலை வெட்டிட்டாங்கடா. இனிமே உன்னைப் பார்த்து ஓட முடியாது. வந்து உன் பணத்தை வாங்கிட்டுப் போ."

"ஒரு கால் போனா என்ன, இன்னொரு கால் இருக்குல்ல? நொண்டிக்கிட்டே வந்து கொடு."

"உனக்கு இரக்கமே கிடையாதுடா."

"உன் தங்கச்சிக்கும் ரெண்டு கிட்னியும் போச்சு. நான் வேற பொண்ணு பார்த்துக்கிட்டிருக்கேன்."

"பாவம்டா அந்தப் பொண்ணு!" என்றான். இருவரும் சிரித்தோம். அதற்குள் அவன் போனில் காசு தீர்ந்துவிட்டது.

உனைசியிடம் சொன்னேன். படுத்தபடியே சிரித்தாள். "எங்கண்ணனுக்குக் காலை வெட்டினாலும் வாயை வெட்ட முடியாது" என்றாள்.

வாரம் இரண்டு தடவை அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரு தடவைக்கே என் வாரக் கூலியில் பாதிக்கு மேல் போய்விடும். மாதாகோயிலில் வசூல் செய்து கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. வாரம் ஒரு தடவை என்று குறைத்தோம். முகம் வீங்கியது. மூச்சு வாங்கியது. அப்போதுதான் உனைசியே சொன்னாள், "லெவுக்காவுக்குப் போங்க" என்று.

போகும்போது என்ன செய்யக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினாள்.

"யங்கோனா வேர் வாங்கிட்டுப் போகாதீங்க. வேரைக் கொடுத்தா நீங்க விருந்தாளி. விருந்தாளி வாயைத் திறந்து பணம் கேட்க முடியாது. வீட்டுக்குள்ள போய்ப் பாயில உட்காராதீங்க. தெருவுல நின்னே வாங்கிட்டு வந்துடுங்க. அப்புறம், பல்லு."

"தெரியும்."

"தெரியும்னு சொல்லாதீங்க. உங்க கை சும்மா இருக்காது. யாராவது எதையாவது நீட்டினா வாங்கிடும்."

யங்கோனா வேர் என்றால் இடித்து நீரில் கரைத்துக் குடிப்பது; யார் வீட்டுக்குப் போனாலும் கையில் கொண்டுபோவது. பல் என்றால் திமிங்கலப் பல். தப்பு செய்தவன் வீட்டார் அதைக் கயிற்றோடு தூக்கிவந்து இரண்டு கையாலும் நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டால் அந்த விவகாரம் அத்தோடு மண்ணுக்குள் போனது. கொலையானாலும் சரி, கடனானாலும் சரி, அதற்குப் பிறகு பேசக்கூடாது. நீட்டிய பல்லை வாங்காமல் விட்டவனை நான் பார்த்ததில்லை. அதனால், அதை நீட்டுகிற இடத்துக்கே போகாமல் இருப்பதுதான் வழி.

விடியற்காலைப் பேருந்து, பிறகு பெரிய படகு, இறங்கினால் தீவைச் சுற்றிக்கொண்டு போகும் இன்னொரு பேருந்து. லெவுக்காவில் இறங்கியதும் முதலில் வருவது மீன் வேகிற வாடை. அங்கே இருக்கிறவர்களுக்கு அது தெரியாது. என் சட்டையில் ஊருக்குத் திரும்பிய பிறகும் இருந்தது.

ஒரே தெரு. ஒரு பக்கம் கடல் சுவர். மறுபக்கம் மரத்தால் கட்டிய கடைகள், முகப்பை மட்டும் உயர்த்தி எழுப்பியவை. கடைகளுக்குப் பின்னால் உடனே மலை. எரிமலைப் பாறை, கறுப்பாக, வீடுகளின் முதுகில் ஏறி நிற்பதுபோல் இருக்கும். நாட்டுக்கே தலைநகரமாக இருந்த ஊர். வளர இடமில்லை என்று தலைநகரத்தைச் சுவாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கப்புறம் இந்தத் தெரு அப்படியே நின்றுவிட்டது. புயல் சில கூரைகளைப் பிடுங்கியிருந்தது. தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

மீன் ஆலை வாசலில் காவல் நாற்காலியில் அமினியாசி உட்கார்ந்திருந்தான். பெதேலியின் பெரியப்பா மகன். அவனும் எனக்கு மச்சான்தான்.

"ஓ! சிமெண்ட் மூட்டை நடந்து வருதே!" என்றான்.

"காவல் காக்கிறேன்னு தூங்குறவன் பேசாதே. பெதேலி எங்கே?"

"அவனா? ஒரு காலை மட்டும் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான். இன்னொரு காலை டாக்டர் வெச்சுக்கிட்டாரு."

இவனும் ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். ஊரே சேர்ந்து ஒரே பேச்சைப் பேசிவைத்திருக்கிறது.

"அமினியாசி, நான் விளையாட வரலை."

"வேர் எங்கே? சுவாலேருந்து வெறுங்கையோடவா வந்தே?"

"பணம் வாங்க வந்திருக்கேன். வேர் கொண்டு வரலை."

அவன் சிரிப்பு நின்றது. என் கையைப் பார்த்தான். தோளில் தொங்கிய பையைப் பார்த்தான். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தான்.

"ஷிஃப்ட் முடியட்டும். நானே உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"வீட்டுக்கு வரமாட்டேன். அவனை இங்கே வரச் சொல்லு."

"தெருவுக்கா?"

"தெருவுக்குத்தான்."

"மச்சான், அவனால நடக்க முடியாதுடா."

"நாளைக்குக் கண்ணு தெரியலைம்பான். அதுக்கு அடுத்த நாள் செத்துட்டேன்னு அவனே போன் பண்ணுவான். போய்ச் சொல்லு, கடல் சுவர்மேல உட்கார்ந்திருக்கேன்."

அமினியாசி எதுவும் சொல்லவில்லை. கேலிக்குப் பதில் கேலி வராதபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் கண்ணை மறைத்தது. உனைசியின் வீங்கிய முகம்தான் உள்ளே நின்றது.

கடல் சுவர்மேல் உட்கார்ந்தேன். நான் வயது போன பிறகு எழுத்துக் கற்றவன். பலகை கண்டால் படிக்காமல் தாண்ட முடியாது. அந்தத் தெரு முழுக்கப் பலகைகள். முதல் பள்ளிக்கூடம். முதல் வங்கி. முதல் பத்திரிகை. எல்லாம் முதல். அப்புறம் என்ன ஆயிற்று என்று ஒரு பலகையிலும் எழுதவில்லை. கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு பலகை முன்னாலும் நின்று படம் பிடித்தார்கள். ஒரு அம்மாள் என்னையும் சேர்த்துப் பிடித்தாள்.

மாதாகோயில் கடிகாரம் மணி அடித்தது. கொஞ்சம் பொறுத்து அதே மணியை மறுபடி அடித்தது. அந்த ஊரில் அப்படித்தான். முதல் தடவை கேட்காதவனுக்காக இரண்டாவது தடவை என்பார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து கெலெரா வந்தாள். பெதேலியின் மனைவி. அவளும் ஆலையில் மீன் சுத்தம் செய்கிறவள். தலையில் வலைத்தொப்பி அப்படியே இருந்தது. அமினியாசி சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். மச்சானின் மனைவி எனக்குத் தங்கை முறை. எனவே நானும் அவளும் நேராகப் பேசக்கூடாது. சுவரின் இன்னொரு முனையில் நின்றாள். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. நாயைப் பார்த்துச் சொன்னாள்:

"யாரோ சுவாவிலேருந்து வந்திருக்காங்களாம். வெயில்ல உட்கார்ந்திருக்காங்களாம். வீட்டுல தேநீர் இருக்கு."

நான் கடலைப் பார்த்துச் சொன்னேன்: "யாரோ வீட்டுக்கு வரமாட்டாங்களாம். யாரோட புருஷனோ தெருவுக்கு வந்தாப் போதுமாம்."

"அந்தப் புருஷன் வரமுடியாதாம்."

"வரமாட்டேங்கிறாரா, முடியலையா?"

நாய் எழுந்து போய்விட்டது. அவளுக்குப் பேச ஆள் இல்லை.  பிறகு திரும்பி மலைப் பக்கம் நடந்தாள். போகிறபோது தோள் குலுங்கியது. அழுகிறாளா, ஏறுகிற மூச்சா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. நான் எழுந்து அவள் பின்னாலேயே போனேன். வாசலில் நின்று அவனை வெளியே கூப்பிடலாம், பாயில் கால் வைக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓடையை ஒட்டிப் படிகள். வீடு மேலே, பாறையில் ஒட்டவைத்த மாதிரி. தகரக் கூரை, பாதி புதிது. கெலெரா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் வாசலில் நின்று பெதேலி என்று கூப்பிட வாயைத் திறந்தேன்.

வாசலில் செருப்புகள் கிடந்தன. கெலெராவுடையது ஒரு ஜோடி. பிள்ளைகளுடையவை இரண்டு மூன்று ஜோடி. சுவரோரம் ஆண்பிள்ளைச் செருப்பு ஒன்று. இடது கால் மட்டும். வலது கால் செருப்பைத் தேடினேன். குனிந்து படிக்குக் கீழேகூடப் பார்த்தேன்.

இல்லை.

என் செருப்பைக் கழற்றியது எனக்கு நினைவில்லை. உள்ளே போயிருந்தேன். பாயில் உட்கார்ந்தும் இருந்தேன்.

பெதேலி சுவரில் சாய்ந்து மெத்தையில் கிடந்தான். போர்வை ஒரு பக்கம் முழங்காலோடு தட்டையாக விழுந்திருந்தது. உடம்பு பாதியாகிவிட்டது. சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

"வந்துட்டான் பாரு வட்டிக்கடைக்காரன்!"

போர்வை தட்டையாக விழுந்திருந்த இடத்தையே பார்த்தேன்.

"என்னடா, உன் நாக்கையும் வெட்டிட்டாங்களா?"

"நெஜமாவா சொன்னே அன்னைக்கு?"

"பின்னே?"

"சிரிச்சுக்கிட்டுல்ல சொன்னே."

"மச்சான்கிட்ட வேற எப்படிடா சொல்றது? அழுதுக்கிட்டா சொல்வாங்க? ஆணி குத்துச்சு. சர்க்கரை. ஆறலை. முதல்ல விரலு, அப்புறம் காலு. இப்போ கிட்னியும் போச்சாம். சுவா போய் மெஷின்ல படுக்கணுமாம்." அவன் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான். "ஏன் அப்படிப் பார்க்கிறே? காலு போனதை விட்டுட்டு கிட்னிக்கு ஏன் முகம் மாறுது?"

"நானும் சொன்னேனே."

"என்ன சொன்னே?"

"உன் தங்கச்சிக்கு ரெண்டும் போச்சுன்னு."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். அது பாதியில் நின்றது.

"நீ வேற பொண்ணு பார்க்கிறதாத்தானே சொன்னே..." என்றான். பிறகு கூரையைப் பார்த்தான்.  அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"எவ்வளவு நாளா?"

"போன வருஷத்திலேருந்து. வாரம் ரெண்டு தடவை. இப்போ பணம் இல்லாம ஒண்ணு. அதுவும் போன வாரம் இல்லை."

பெதேலி கையை நீட்டிப் பலகைமேல் இருந்த பிஸ்கட் டப்பாவைக் காட்டினான். "ஆலையில என்னைக் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. சேமநிதியும் வந்துச்சு. வீட்டுக் கடனெல்லாம் போக மீதி அதுல இருக்கு. உன்னோடதைத் தொடலை. ஒரு டாலர் குறையாம இருக்கும். எடுத்துக்கோ."

அடுப்படி வாசலில் கெலெரா வந்து நின்றாள். கதவு நிலையைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தப் பணம் மெஷினுக்கு. டாக்டர் சீட்டு கொடுத்திருக்காரு. அடுத்த வாரம் சுவா போகலேன்னா அப்புறம் கூட்டிட்டு வரவே வேண்டாம்னு சொல்லிட்டாரு. டப்பாவுல அதைத் தவிர வேற ஒண்ணும் இல்லை."

"நீ சும்மா இரு" என்றான் பெதேலி.

அப்போதுதான் வாசலில் இருமல் கேட்டது. அமினியாசி. ஆலை உடுப்பைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பின்னால் அவர்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேர். குனிந்து உள்ளே வந்து, பாயின் கீழ்க் கோடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். உள்ளங்கையைக் குழித்து, கனமாக, ஒரே தாளத்தில் கைதட்டினார்கள். அமினியாசி மடியிலிருந்து பல்லை எடுத்தான். கறுத்த தேநீர் நிறம். பழைய கயிறு. இரண்டு கையிலும் ஏந்தித் தலையைத் தாழ்த்தினான். காலையில் என்னை மூட்டை என்று கூப்பிட்டவனின் குரலா அது என்று இருந்தது.

"ஐயா, எங்க வீட்டுப் பொண்ணோட புருஷனே. இந்தப் பல்லு சின்னது, நாங்க பட்ட கடன் பெருசு. உங்க வேர்வையை நாங்க கடல்ல விட்டுட்டோம். உங்களைத் தெருவுல உட்கார வெச்சோம். தலை குனிஞ்சு வந்திருக்கோம். இதோட இதைப் புதைச்சு, எங்களை உயிரோட விடுங்க."

நான் கையை மடியில் வைத்திருந்தேன். உங்க கை சும்மா இருக்காது என்று உனைசி சொன்னது காதிலேயே இருந்தது. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன்.

"அமினியாசி, அதை உள்ளே வை. டப்பாவை எடுத்து அவன்கிட்ட கொடு" என்றான் பெதேலி.

"வெளியே எடுத்த பல்லை உள்ளே வைக்கிற வழக்கம் எந்த ஊர்லடா இருக்கு?" அமினியாசி தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. அந்தப் பல் கனமானது. வெகுநேரம் ஏந்த முடியாது.

"அங்கே கிடக்கிறது என் தங்கச்சிடா."

"இங்கே கிடக்கிறது எங்க தம்பி."

 கீழே கடிகாரம் ஒரு தடவை அடித்து முடித்தது. இரண்டாம் தடவைக்குக் காத்திருப்பதுபோல் எல்லோரும் இருந்தோம்.

"அண்ணா."

கெலெரா. கதவு நிலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஆண்கள் எல்லோரும் பாயைப் பார்த்துக் குனிந்தார்கள். அவள் திருமணமாகி வந்த நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொன்னவளில்லை.

"அண்ணா, பல்லை வாங்கிக்குங்க. இல்லேன்னா டப்பாவை எடுத்துக்கிட்டு, ரெண்டு பேர்ல யாரு சாகணும்னு நீங்களே உங்க வாயால சொல்லிட்டுப் போங்க. பொம்பளை கேட்கிறேன். சொல்லிட்டுப் போங்க."

கை எப்போது நீண்டது என்று தெரியாது. பல் என் உள்ளங்கையில் இருந்தது. எண்ணெய் வாடை. உடம்புச் சூடு. அமினியாசியின் கை கீழே விழுந்தது.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வாங்கிக்கொண்டேன், கடன் புதைந்தது, என் வீட்டில் யாரும் இதை இனி வாயில் எடுக்க மாட்டார்கள் என்று. அவர்கள் கைதட்டினார்கள். உனைசி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் படுத்து, பேருந்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்புறம் எனக்கு இன்னொன்று பாக்கி இருந்தது. கடன் கேட்பது வேறு, உறவில் கேட்பது வேறு. சொந்தக்காரன் வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டால் எங்களிடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கொடுத்ததைத் திருப்பியும் கேட்க மாட்டார்கள். கடன் புதைந்ததால் அதைக் கேட்கிற உரிமை எனக்கு இப்போதுதான் வந்தது. அறையில் எல்லோருக்கும் அது தெரியும். கெலெரா டப்பாவின்மேல் கை வைத்திருந்தாள்.

"கேளுடா" என்றான் பெதேலி. "அதுக்குத்தானே வாங்கினே. கேட்டுத் தொலை."

"எனக்கு நீ வேணும்" என்றேன்.

"என்னது?"

"நீயும் வேணும், டப்பாவும் வேணும். ரெண்டையும் சுவாவுக்குத் தூக்கிட்டுப் போறேன். உன் தங்கச்சிக்கும் உனக்கும் ஒரே பணம். இருக்கிறவரைக்கும் ரெண்டு பேரும் மெஷின்ல படுங்க."

"தீர்ந்த பிறகு?"

 "தீர்ந்த பிறகு பார்க்கலாம்."

"நொண்டியை முதுகுல தூக்கிட்டு அலையணும்டா."

"சிமெண்ட் மூட்டையைவிட நீ கனமா? அதுலயும் ஒரு கால் குறைச்சல்."

அவன் சிரித்தான். அமினியாசியும் சிரித்தான். கெலெரா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எலுமிச்சை இலைத் தேநீரும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வந்தன. வேர் கொண்டு வராதவனுக்கும் போட்டார்கள்.

மறுநாள் காலை அவனை முதுகில் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். கெலெரா பிள்ளைகளுக்காகவும் ஆலைச் சம்பளத்துக்காகவும் இருந்துவிட்டாள். கடைத்தெரு வழியாகப் பேருந்துக்குப் போனோம். முதல் வங்கி, முதல் பத்திரிகை, முதல் பள்ளிக்கூடம். பெதேலி என் தோளுக்கு மேலிருந்து ஒவ்வொரு பலகைக்கும் கையசைத்தான். ஆலை வாசலில் அமினியாசி எழுந்து நின்று கத்தினான்:

"அன்னைக்குத் தலைநகரம் சுவாவுக்குப் போச்சு, இன்னைக்கு நீ போறே! போனது எதுவும் திரும்பி வந்ததில்லடா!"

"என் காலு இங்கேதான் இருக்கு! அதைப் பார்த்துக்கோ!" என்று இவன் கத்தினான்.

வீட்டு வாசலில் நான் அவனை இறக்கியபோது உனைசி படுக்கையிலிருந்தே பார்த்தாள். கால் இல்லாத இடத்தைப் பார்த்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் பையில் இருந்த பல்லை எடுத்து ஆணியில் மாட்டினேன். அதைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டயாலிசிஸ் அறையில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. கை நீட்டினால் தொடலாம். அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்க மச்சானுக்குக் குளிருது போல. போர்வையை இழுத்துக்கச் சொல்லுங்க" என்பாள் உனைசி.

அவனுக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருப்பான். நான் திரும்பி, "போர்வையை இழுத்துக்கோடா" என்பேன். அதற்கப்புறம்தான் இழுத்துக்கொள்வான்.

"உன் வீட்டுக்காரிகிட்ட சொல்லு, சின்ன வயசுல என் பங்கு மீனை எடுத்துத் தின்னதுக்குத்தான் இப்போ படுத்திருக்கா."

"எங்கண்ணன் எனக்குக் கொடுத்தாரு, நான் எடுக்கலைன்னு சொல்லுங்க."

இப்படி என் வழியாகவே போய் வந்துகொண்டிருந்தது. தாதிப்பெண் எங்களைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் இந்தியக் குடும்பத்துப் பெண். ஏன் நேராகப் பேசினால் என்ன என்று ஒருநாள் கேட்டாள். பதில் சொல்ல எங்கள் மூவருக்குமே தெரியவில்லை.

டப்பா இலேசாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலை, கிளம்புகிற நேரத்தில், பெதேலி எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கு எனக்கு வேண்டாம் மச்சான். அந்த மெஷின் என்னைக் கிச்சுகிச்சு மூட்டுது. நீ உன் வீட்டுக்காரியை மட்டும் கூட்டிட்டுப் போ."

"சோம்பேறி."

"ஆமா. நொண்டி, சோம்பேறி. போடா."

அடுத்த தடவையும் அதையே சொன்னான். அதற்கு அடுத்த தடவையும். லெவுக்காவிலிருந்து அவன் போன் செய்தபோது அது உண்மை என்று எனக்குப் புரியவில்லை. இந்தத் தடவை புரிந்தது. முதல் நாளே புரிந்தது. அவன் தடவைகளை அவளுக்கு விட்டுக்கொடுக்கிறான். அவள் மூச்சு இலேசாகியிருந்தது. முகம் வற்றியிருந்தது. நான் வாசலில் நின்று, "உனக்கெல்லாம் மெஷின் ஒரு கேடு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, உனைசியைக் கைத்தாங்கலாகப் பேருந்துக்குக் கூட்டிப்போனேன்.

"அவர் ஏன் வரலை?" என்று கேட்டாள்.

"கிச்சுகிச்சு மூட்டுதாம்."

அவளும் சிரித்தாள். சிரித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் புரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெதேலி போய்விட்டான். பெட்டியைப் பெரிய படகில் ஏற்றி லெவுக்காவுக்குக் கொண்டுபோனேன். உனைசியால் வர முடியவில்லை. சாவு வீட்டுக்கும் பல் கொண்டுபோக வேண்டும்; ஆணியிலிருந்து பல்லை அவளே எடுத்துத் துடைத்து என் பையில் வைத்தாள். இந்தத் தடவை வேரும் வாங்கிப்போனேன்.

அதே வீடு, அதே பாய். நான் கீழ்க் கோடியில் உட்கார்ந்தேன். இரண்டு கையிலும் பல்லை ஏந்திக்கொண்டேன். எங்கள் வீட்டிலிருந்து இறந்தவனுக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னேன். அதற்குமேல் சொல்வதற்கு நிறைய இருந்தது.  பல் கனத்தது.

கெலெரா அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். பழையபடி நிலையைப் பார்த்துத்தான் பேசினாள். "யாரோ தூரத்துலேருந்து வந்திருக்காங்க. சாப்பிட்டுட்டுப் போகணும்."

அமினியாசி பல்லை வாங்கிக்கொண்டான். கயிற்றைத் தடவிப் பார்த்தான். அதே பல் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் எனக்குக் கேலி ஒன்றும் வைத்திருக்கவில்லை. "வாங்கிக்கிட்டோம்" என்றான். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இனி ஒரு பாக்கியும் இல்லை."

அவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.